பொங்கல் விடுமுறையில் சுவிட்சர்லாந்து: காசிமேட்டிலிருந்து ஒரு சிக்கனத் திட்டம்

குளிர்காலத்து சுவிட்சர்லாந்தில் செலவைத் தீர்மானிப்பது முதலில் தேதிதான். ஹோட்டலும் ரயிலும் சாப்பாடும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. ராயபுரம், காசிமேடு பக்கத்துக் குடும்பங்கள் பெரும்பாலும் அரையாண்டுத் தேர்வு விடுமுறையை நினைத்துத் திட்டம் போடுகின்றன. கிறிஸ்துமஸை அங்கே கொண்டாடலாம் என்ற ஆசையும் சேர்ந்துகொள்ளும். ஆனால் டிசம்பர் 20-க்கும் ஜனவரி 6-க்கும் இடைப்பட்ட நாட்கள்தான் அந்த நாட்டில் ஆண்டிலேயே விலை உச்சத்தில் இருக்கும் நாட்கள். ஐரோப்பா முழுவதும் அப்போதுதான் பனிச்சறுக்குக்குக் கிளம்புகிறது. சென்னையிலிருந்து கிளம்பும் விமானங்களும் அந்த இரண்டு வாரங்களில் விலையைக் கூட்டிவிடும்.

நவம்பர் மலிவு. ஆனால் அந்த மாதத்தில் பல மலை கேபிள் கார்களைப் பராமரிப்புக்காக நிறுத்திவிடுவார்கள். கீழே மழை, மேலே அரைகுறைப் பனி. அவ்வளவு தூரம் போய் அதைப் பார்க்க வேண்டியதில்லை.

நமக்கு நல்ல காலம் தை பிறக்கும் வாரம். ஜனவரி 8-ஆம் தேதிக்குப் பிறகு அறை வாடகை இறங்குகிறது. பனி நன்றாகப் படிந்திருக்கும். சுவிஸ் பள்ளிகளின் பனி விடுமுறை ஜனவரி இறுதியிலோ பிப்ரவரியிலோதான் தொடங்கும். பொங்கல் விடுமுறையோடு நான்கைந்து நாள் விடுப்பு சேர்த்தால் பயணத்துக்குப் போதும்.

இந்தக் காலத்திலும் இரண்டு பொறிகள் உண்டு. ஜனவரி நடுவில் வெங்கன் ஊரில் லாவ்பர்ஹார்ன் பனிச்சறுக்குப் பந்தயம் நடக்கும். 1930-இலிருந்து நடந்துவரும் பந்தயம் அது. அந்த வார இறுதியில் இண்டர்லாக்கன் வட்டாரத்தில் ரயிலில் நிற்கக்கூட இடம் கிடைப்பது கடினம், அறை கிடைத்தாலும் விலை எட்டாது. இன்னொன்று டாவோஸ் நகரத்து உலகப் பொருளாதார மன்றக் கூட்டம். பெரும்பாலும் அதற்கடுத்த வாரம் நடக்கும். டாவோஸ் மட்டுமல்லாமல் சுற்றியுள்ள ஊர்களிலும் அறைகள் நிரம்பிவிடும். இரண்டின் தேதிகளையும் முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். அவற்றைக் காலண்டரில் குறித்துக்கொண்ட பிறகே உங்கள் தேதியை எழுதுங்கள்.

விசா முதலில், டிக்கெட் பிறகு

சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை என்றாலும் 2008 டிசம்பர் முதல் ஷெங்கன் வட்டத்துக்குள் இருக்கிறது. நமக்குத் தேவை ஷெங்கன் விசா. 2024 ஜூன் முதல் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு 45 யூரோ, அதற்கும் சின்னவர்களுக்கு இலவசம். சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது விண்ணப்பித்திருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. ஷெங்கன் வட்டத்தை விட்டுக் கிளம்பும் நாளிலிருந்து மேலும் மூன்று மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும்.

மாதச் சம்பளக்காரர்களுக்குக் காகித வேலை சுலபம். மூன்று மாதச் சம்பளச் சீட்டு, விடுப்புக் கடிதம், வருமான வரிக் கணக்கு, வேலை முடிந்தது. காசிமேட்டில் படகு வைத்திருப்பவர்கள், ஏலம் எடுப்பவர்கள், ஐஸ் கடை, வலைக் கடை நடத்துபவர்களுக்குத்தான் சிரமம். பணம் இல்லாதவர்கள் அல்ல அவர்கள். பணம் கையிலேயே புழங்குகிறது, வங்கிக் கணக்கில் தெரிவதில்லை. விசா அதிகாரிக்கு வங்கிக் கணக்குதான் சாட்சி. விண்ணப்பத்துக்கு ஒரு வாரம் முன்பு மொத்தமாக ஐந்து லட்சத்தைக் கொண்டுபோய்ப் போட்டால் அது கடன் வாங்கிக் காட்டிய பணம் போலத் தெரியும், சந்தேகம்தான் வரும். ஆகவே பயணத்துக்கு ஓராண்டு முன்பிலிருந்தே ஏலப் பணத்தில் ஒரு பகுதியை வாரா வாரம் வங்கியில் போட்டு வாருங்கள். சீட்டு எடுப்பவர்கள் சீட்டுப் பணத்தையும் கணக்கு வழியாகவே வாங்குங்கள்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்த இரண்டு மாதமும் கணக்கில் வரவு இருக்காது. அதனால் அக்டோபரில் விண்ணப்பிப்பது நல்லது. கடைசி மாதங்கள் எல்லாம் வரவுள்ள மாதங்களாக இருக்கும். தடைக்கால இடைவெளி கணக்கில் தெரிந்தாலும் பயப்பட வேண்டாம். விளக்கக் கடிதத்தில் அது அரசு விதித்த தடைக்காலம் என்று இரண்டு வரி எழுதுங்கள். படகுப் பதிவுச் சான்று, மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டை, ஜி.எஸ்.டி. இருந்தால் அதன் கணக்கு, சொந்த வீடு என்றால் வரி ரசீது ஆகியவற்றை இணையுங்கள். திரும்பி வருவதற்கு உங்களுக்கு இங்கே தொழிலும் குடும்பமும் இருக்கிறது என்பதை இந்தக் காகிதங்கள்தான் சொல்லும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 100 பிராங்க் என்ற அளவில் பணம் காட்ட வேண்டும் என்பது சுவிஸ் கணக்கு. மாணவர்களுக்கு 30 பிராங்க் போதும்.

அங்கே சொந்தக்காரர்கள் இருந்தால் அவர்கள் அழைப்புக் கடிதம் கொடுக்கலாம். பணம் காட்டுவதில் குறை இருந்தால் அவர்கள் வழியாகப் பொறுப்புப் பத்திரம் கேட்பார்கள். அதன் உச்சவரம்பு 30,000 பிராங்க். ஒருவர் உங்களுக்காக அவ்வளவு பெரிய தொகைக்குக் கையெழுத்துப் போடுகிறார் என்பதை உணர்ந்து கேளுங்கள்.

விசா கையில் வரும்வரை பணம் திரும்பாத எதையும் வாங்கக் கூடாது. அறைகளை இலவசமாக ரத்து செய்யும் வசதியோடு பதிவு செய்யுங்கள். விமானத்துக்கு முன்பதிவுச் சீட்டு மட்டும் போதும். இந்த வரிசையை மாற்றியவர்கள்தான் பெரும்பணம் இழக்கிறார்கள்.

ரயிலில்தான் மிச்சம் பிடிக்க முடியும்

சூரிக்கிலிருந்து இண்டர்லாக்கனுக்கு ரயிலில் போக இரண்டு மணி நேரம்தான். நிலையத்தில் நின்று டிக்கெட் எடுத்தால் முழுக் கட்டணத்தில் ஒரு வழிக்கே எழுபது பிராங்குக்கு மேல் ஆகும். எட்டாயிரம் ரூபாய். இந்த விலையைப் பார்த்துத்தான் நம் ஊர் ஆட்கள் மிரண்டு சுற்றுலா நிறுவனத்தின் பேக்கேஜுக்குள் போய் விழுகிறார்கள். அதே ரயிலில், அதே இருக்கையில், பாதிக்கும் குறைவாகப் போகிறவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

சுற்றுலாப் பயணிகளுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஸ்விஸ் டிராவல் பாஸ். 2025-இல் இரண்டாம் வகுப்பில் 3 நாளுக்கு 244 பிராங்க், 8 நாளுக்கு 419 பிராங்க். ரயில், பேருந்து, ஏரிப் படகு எல்லாம் இதில் அடக்கம். ரிகி மலை ரயிலும் நூற்றுக்கணக்கான அருங்காட்சியகங்களும் இலவசம். யோசிக்காமல் ஏறி இறங்கலாம், வயதானவர்களுக்கு வசதி.

இன்னொன்று, அரைக் கட்டண அட்டை. ஒரு மாதத்துக்கு 150 பிராங்க். நாடு முழுக்க டிக்கெட் பாதி விலை. பெரும்பாலான மலை ரயில்களிலும் கேபிள் கார்களிலும் பாதி விலை. அதோடு அந்த அட்டை இருந்தால் 'சேவர் டே பாஸ்' என்ற ஒருநாள் பாஸை 29 பிராங்கிலிருந்து வாங்கலாம். அன்று முழுவதும் நாட்டின் எந்த மூலைக்கும் போகலாம். ஆறு மாதம் முன்பே விற்பனைக்கு வந்துவிடும். நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். பணம் திரும்பாது.

சிக்கனமாகப் போக நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை இரண்டாவது வழி. விசா வந்த அன்றே, அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ, சுவிஸ் ரயில்வேயின் எஸ்.பி.பி. செயலியில் உட்கார்ந்து நீண்ட தூரம் போகும் நாட்களுக்கு மட்டும் ஒருநாள் பாஸ் எடுத்துவிடுங்கள். சராசரியாக 35 பிராங்க் என்று வைத்தாலும் ஐந்து நாளுக்கு 175, அட்டையோடு சேர்த்து 325. மலையேறும் நாளிலும் இந்த அட்டையே கைகொடுக்கும். யுங்ஃப்ராவ்யோக் மலை நிலையத்துக்குப் போக ஸ்விஸ் டிராவல் பாஸில் 25 சதவீதம்தான் தள்ளுபடி, அரைக் கட்டண அட்டையில் பாதி. 6 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகள் இருந்தால் குடும்ப அட்டையைக் கேட்டு வாங்குங்கள். அட்டைக்குக் காசு இல்லை, பெற்றோருடன் வரும் பிள்ளைகளுக்கும் ரயிலில் காசு இல்லை.

பெர்னினா எக்ஸ்பிரஸ், கிளேசியர் எக்ஸ்பிரஸ் என்று விளம்பரங்களில் கண்ணாடிக் கூரை ரயில்களைப் பார்த்திருப்பீர்கள். பாஸ் இருந்தாலும் அவற்றில் இருக்கைக்குத் தனிப் பணம் கட்ட வேண்டும். அதே தண்டவாளத்தில் உள்ளூர் ரயில்கள் நாள் முழுக்க ஓடுகின்றன. முன்பதிவு வேண்டாம், கூடுதல் பணம் வேண்டாம், பல பெட்டிகளில் ஜன்னலைத் திறக்கலாம். புகைப்படம் எடுக்க அதுதான் வசதி. கண்ணாடிக் கூரைக்குப் பணம் கட்டுவது வீண் என்றே சொல்வேன்.

கூர் நகரத்திலிருந்து காலை எட்டு மணிக்குள் ஏறி, வழியில் வண்டி மாறி, இத்தாலியின் டிரானோ வரை போகும் பாதையை ஒரு நாள் முழுவதும் வைத்துப் பாருங்கள். 2008-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமான அல்புலா, பெர்னினா பாதை அது. 65 மீட்டர் உயர லாண்ட்வாசர் பாலத்தின் மேல் வளைந்து, பாறைக்குள் நுழைந்து, 2,253 மீட்டர் உயரத்தில் உறைந்த ஏரியின் ஓரமாகப் போய், பல்சக்கரம் இல்லாமலே மறுபக்கம் இறங்கும். டிரானோவில் சாப்பாடு இத்தாலி விலையில் கிடைக்கும். மதியச் சாப்பாட்டை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். யூரோ கொஞ்சம் கையில் இருக்கட்டும். ஐந்து மணிக்குள் சூரியன் மறைந்துவிடும் என்பதால் பார்க்க வேண்டியதைப் போகும்போதே பார்த்துவிடுங்கள்.

பனியும் மேகமும்

ஜனவரியில் சூரிக், லூசர்ன், பெர்ன் நகரங்களின் மேல் தாழ்வான மேகம் நாட்கணக்கில் மூடிக் கிடப்பதுண்டு. கீழே இருப்பவருக்கு நாடே சாம்பல் நிறம். ஆயிரம், ஆயிரத்திருநூறு மீட்டர் ஏறினால் மேகம் காலடியில் கிடக்கும், மேலே நீல வானம். வேறு நாட்களில் இது தலைகீழாகி, மேகம் உச்சியில் உட்கார்ந்துகொள்ளும். நூறு பிராங்க் கொடுத்து டிட்லிஸ் மலை ஏறி, வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு இறங்குகிறவர்கள் உண்டு.

எனவே, ரயில் பாஸை முன்பே வாங்குங்கள், உச்சி மலை டிக்கெட்டை ஒருபோதும் முன்பே வாங்காதீர்கள். எல்லா மலைகளிலும் நேரலைக் கேமரா இருக்கிறது. காலையில் எழுந்ததும் பாருங்கள். வெயில் தெரிந்தால் அப்போது டிக்கெட் எடுங்கள். குழுப் பேக்கேஜில் போகிறவர்களுக்கு இந்தச் சுதந்திரம் இல்லை. குறித்த நாளில் குறித்த மலை, வானம் எப்படி இருந்தாலும்.

3,454 மீட்டர் உயரத்தில் இருக்கும் யுங்ஃப்ராவ்யோக் நிலையம் 1912-இல் திறக்கப்பட்ட பொறியியல் சாதனை. முழுக் கட்டணம் இருநூறு பிராங்கைத் தாண்டும். ஒரு மலைக்கு மட்டும் பணம் ஒதுக்குங்கள், வானம் தெளிந்த நாளில் அதைச் செலவழியுங்கள். மற்ற நாட்களில் பனிக்காகத் தனியே பணம் கொடுக்க வேண்டியதில்லை. 1,638 மீட்டரில் இருக்கும் முர்ரன், 1,274 மீட்டரில் இருக்கும் வெங்கன், 1,700 மீட்டருக்கு மேல் இருக்கும் ஆரோசா எல்லாம் ஒருநாள் பாஸிலேயே போகக்கூடிய ஊர்கள். முர்ரனிலும் வெங்கனிலும் கார் கிடையாது. கூரிலிருந்து ஆரோசா போகும் சிறிய ரயில் முதலில் ஊர்த் தெருவிலேயே கார்களுக்கு நடுவில் ஓடிப் பிறகு மலையேறும். ஒரு மணி நேரப் பயணம். இளஞ்சிவப்புப் பலகை வைத்த பாதைகள் பனியில் நடப்பதற்காகவே அழுத்திச் சீராக்கியவை. அவற்றில் நடக்கக் காசு இல்லை. சறுக்குப் பலகை வாடகைக்கு எடுத்துப் பிள்ளைகளோடு சறுக்கலாம். ஸ்கீயிங் கற்றுக்கொள்ளும் எண்ணத்தை இந்தப் பயணத்தில் விட்டுவிடுங்கள். கருவி வாடகை, பயிற்சி, லிப்ட் கட்டணம் மூன்றும் சேர்ந்து ஒரே நாளில் உங்கள் மூன்று நாள் பணத்தைத் தின்றுவிடும்.

சறுக்குப் பலகை என்றாலும் காப்பீட்டுப் பத்திரத்தைப் படித்துப் பாருங்கள். குளிர்கால விளையாட்டுக் காயங்களைச் சேர்க்காத பாலிசிகள் நிறைய. ஆம்புலன்ஸ் 144, மலை மீட்பு ஹெலிகாப்டர் சேவையான ரேகா 1414. இரண்டையும் போனில் பதிந்துகொள்ளுங்கள்.

தங்குமிடம், சாப்பாடு, உடை

நாளுக்கொரு ஊர் மாறாதீர்கள். முதல் பாதி கூர், பிற்பாதி தூன், இரண்டே முகாம். இண்டர்லாக்கன், ஜெர்மாட் போன்ற பெயர்பெற்ற ஊர்களை விட இவற்றில் வாடகை குறைவு, ரயில் வசதியில் குறைவில்லை. டாவோஸ் கூட்டம் தொடங்கும் முன்பே கூர் நகரைக் காலி செய்துவிடலாம், வெங்கன் பந்தயம் முடிந்தபின் தூனுக்குப் போகலாம். சமையலறை உள்ள விடுதியாகப் பாருங்கள். 'யூத் ஹாஸ்டல்' என்ற பெயரைக் கண்டு வயதைப் பற்றிக் கூச்சப்பட வேண்டாம், குடும்பங்களுக்கும் தனி அறை கொடுக்கிறார்கள், பலவற்றில் காலை உணவும் வாடகையில் சேர்த்தி. பாசல், பெர்ன், லூசர்ன், ஜெனீவா போன்ற இடங்களில் தங்கினால் உள்ளூர் போக்குவரத்துக்கு இலவச அட்டை தருவார்கள். கேட்டு வாங்குங்கள்.

உணவகத்தில் ஒரு வேளை சாப்பாடு ஒருவருக்கு 25 பிராங்க். மிக்ரோஸ், கோப், டென்னர், லிடில் கடைகளில் வாங்கிச் சமைத்தால் அதே பணத்தில் நாள் முழுவதும் சாப்பிடலாம். மிக்ரோஸில் எம்-பட்ஜெட், கோப்பில் பிரி கரான்டி என்ற மலிவு வகைகள் உண்டு. மாலையில் கடை மூடும் நேரத்தில் பாதி விலைச் சீட்டு ஒட்டுவார்கள். ஞாயிறு எல்லாம் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையக் கடைகள் மட்டும் திறந்திருக்கும். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம், பாட்டில் தண்ணீர் வாங்காதீர்கள். விடுதிச் சமையலறையில் மிளகாய் தாளிக்க வேண்டாம். புகை அலாரம் அடித்துத் தீயணைப்பு வண்டி வந்தால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழலாம். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, ஊறுகாய் கொண்டுபோனால் சாதம் மட்டும் வடித்தால் போதும். இறைச்சி, பால்கோவா, நெய், பால் பவுடர் எதுவும் பெட்டியில் இருக்கக் கூடாது. இந்தியாவிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டுவரத் தடை.

மீன் இல்லாமல் நம் ஆட்களுக்கு நான்கு நாள் தாங்காது. கடலில்லாத நாடு, மீன் விலை கண்ணைக் கட்டும். அதற்குத் தமிழ்க் கடைகள் இருக்கின்றன. 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து போய் வேரூன்றிய தமிழர்கள் இன்று ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர். சூரிக், பெர்ன், பாசல் எங்கும் அவர்களுடைய கடைகளில் கருவாடு, இடியாப்பம், கொத்து ரொட்டி, ரோல்ஸ் கிடைக்கும். "தம்பி இந்தியாவோ? எப்ப வந்தனீங்கள்?" என்று விசாரிப்பார்கள். எந்த ஊரில் அறை மலிவு, எந்தக் கடையில் பூட்ஸ் தள்ளுபடி என்று அவர்களிடம் கேளுங்கள். அகதியாக வந்து, உணவகச் சமையலறைகளில் பாத்திரம் கழுவிப் பிள்ளைகளைப் படிக்கவைத்த தலைமுறை அது. அந்த நாட்டில் குறைந்த காசில் வாழ்வது எப்படி என்று அவர்களை விட அறிந்தவர்கள் யாரும் இல்லை.

பொங்கலன்று கூரிலிருந்து சூரிக் வந்து, அங்கிருந்து புறநகர் ரயிலில் அட்லிஸ்வில் சிவசுப்ரமணியர் கோயிலுக்குப் போகலாம். தூனுக்கு மாறும் நாளில் பெர்னில் இறங்கினால், ஒரே நிறுத்தத்தில் ஐரோப்பா சதுக்கம். 2014 டிசம்பரில் திறந்த 'சமயங்களின் இல்லம்' அங்கே இருக்கிறது. மசூதி, தேவாலயம், புத்த விகாரையோடு ஒரே கூரையின் கீழ் தமிழர்கள் நடத்தும் சிவன் கோயிலும் உண்டு. நேரில் பார்க்க வேண்டிய இடம்.

உடைக்கு அதிகம் செலவழிக்காதீர்கள். காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் இடத்தில் நின்று வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், காற்றுக் குளிரைத் தாங்கலாம், காலில் ஈரம் ஏறினால்தான் தாங்க முடியாது. ஆகவே நல்ல காலணிக்கு மட்டும் பணம் போடுங்கள். தண்ணீர் புகாததாக, அடிப்பாகம் பிடிப்புள்ளதாக, கம்பளிக் காலுறையோடு போட்டுப் பார்த்து ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். மற்றதற்கு உள்ளே தெர்மல், நடுவில் ஸ்வெட்டர், மேலே காற்றும் ஈரமும் புகாத ஒரு கோட் என்று மூன்று அடுக்கு போதும். நடு அடுக்கை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலேயே பார்க்கலாம். கோட்டை ஏற்கெனவே குளிர்நாடு போய்வந்த சொந்தத்தில் யாரிடமாவது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மொத்தக் கணக்கு

ஒரு பிராங்க் 115 ரூபாய் என்று வையுங்கள். இரண்டு பேர் ஒரே அறையில் எட்டு இரவு தங்கினால் ஒருவர் பங்கு 480 பிராங்க். சாப்பாடு 180. ரயில் 325. ஒரு மலைக்கு 110. சில்லறைச் செலவு 60. கூட்டினால் 1,155 பிராங்க், ஏறத்தாழ 1,33,000 ரூபாய். சென்னையிலிருந்து சூரிக்குக்கு நேரடி விமானம் இல்லை, வளைகுடா நாடுகள் வழியாகவோ டெல்லி, பிராங்க்ஃபர்ட் வழியாகவோ போய்வர 65,000. விசா, காப்பீட்டுக்கு 14,000. உடைக்கு 7,000. ஆளுக்கு இரண்டேகால் லட்சத்துக்குள் முடியும். சின்னத் தொகை அல்ல. அங்கே போய் நின்று முடிவெடுக்கும் ஒவ்வொன்றும் இதை ஏற்றிவிடும்.

விமான நிலையத்துக்கு டாக்சி வேண்டாம். தண்டையார்பேட்டை மெட்ரோவில் ஏறினால் வண்டி மாறாமல் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இறங்கலாம். இரவு பதினொன்றுக்கு மேல் மெட்ரோ கிடையாது, அதிகாலை விமானம் என்றால் முந்தைய இரவே போய்விடுங்கள். பணத்தைப் பெரும்பகுதி ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றுங்கள். சாதாரணக் கிரெடிட் கார்டில் ஒவ்வொரு முறையும் மூன்று சதவீதத்துக்கு மேல் அந்நியச் செலாவணிக் கட்டணம் பிடிக்கும். கடையில் மிஷின் 'ரூபாயா, பிராங்கா' என்று கேட்டால் பிராங்கைத் தொடுங்கள்.

திரும்பும் நாளில் பையிலிருக்கும் நாணயங்களை எண்ணுங்கள். ஐந்து பிராங்க் நாணயம் ஒன்று ஐநூறு ரூபாய்க்கு மேல் பெறும், ஆனால் சென்னையில் நாணயத்தை யாரும் மாற்றித் தரமாட்டார்கள். விமான நிலையத்துக்குள் நுழையும் முன் மிக்ரோஸில் அவற்றைக் கொடுத்து ஃப்ரே சாக்லேட் வாங்கிவிடுங்கள். உள்ளே விற்பதை விட விலை குறைவு.